பைக் ஆம்ப் விட்டு விட்டுப் பாடினால்

பைக்கில் மாட்டிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கருக்குப் பாட்டைப் பலப்படுத்திக் கொடுக்கும் பெட்டி), வண்டியை நிறுத்தி வைத்துப் போட்டால் ஒரு குறையும் இல்லாமல் பாடும். ரோட்டில் இறங்கி, காற்றுச் சத்தத்துக்கு மேல் கேட்கட்டும் என்று வால்யூமை ஏற்றினால், பாட்டில் டிரம் அடி கனமாக விழும் இடத்தில் பட்டென்று நின்றுவிடும். இரண்டு நொடி ஒன்றுமே இருக்காது. அப்புறம் தானாகவே திரும்ப வரும், அடுத்த அடியில் திரும்பப் போகும். என் வண்டியில் இது மூன்று வாரம் நடந்தது. ஆம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டி வேறு ஒன்று வாங்கி மாட்டினேன். அதே பாட்டில், அதே இடத்தில், அதே மாதிரி நின்றது.

அந்த இரண்டாவது ஆம்புக்குக் கொடுத்த பணம் இன்னும் மனதில் உறுத்துகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு நண்பர்கள் வண்டிகள் சிலவற்றிலும் கை வைத்துப் பார்த்தேன். ஆம்பே செத்துக் கிடந்தது குறைவு. ஆம்புக்கு வரும் கரண்ட் சரியாக வராததுதான் அதிகம். வயர், எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), ஃபியூஸ் ஹோல்டர், லக் கிரிம்ப் (வயர் முனையில் உலோக லக்கை நசுக்கிப் பிடிக்க வைத்த இடம்), இந்த நான்கையும் பார்க்காமல் ஆம்பைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஏன் நிற்கும்போது பாடுகிறது, ஓடும்போது நிற்கிறது? சத்தத்தை 10 டெசிபல் கூட்ட வேண்டுமென்றால் ஆம்ப் 10 மடங்கு பவர் கொடுக்க வேண்டும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம் போலத்தான் தெரியும். அதாவது நிற்கும்போது 5 வாட்டில் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்த ஆம்ப், ரோட்டில் 50 வாட்டுக்கு ஆசைப்படுகிறது. அப்போது பேட்டரியிலிருந்து இழுக்கும் ஆம்பியர் பல மடங்கு ஏறும். வயரில் எங்கேயாவது ஒரு லூஸ் கான்டாக்ட் இருந்தால் குறைந்த ஆம்பியரில் அது வெளியே தெரியாது, ஆம்பியர் ஏறும்போதுதான் தெரியும். அதனால் வண்டியை நிறுத்தி, மெதுவாகப் பாட விட்டு எத்தனை மணி நேரம் பார்த்தாலும் கோளாறு கண்ணில் படாது.

நான் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் போதும். திறந்த இடத்தில் வண்டியை நிறுத்தி (மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள், சைலன்சர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது), இன்ஜினை 3000 ஆர்பிஎம் வாக்கில் பிடித்துக்கொள்ள ஒரு ஆளை வைத்துக்கொண்டேன். பாட்டு போட்டால் மீட்டர் எண்கள் ஆடிக்கொண்டே இருக்கும், படிக்க முடியாது. அதனால் போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு ரோட்டில் வைக்கும் அளவுக்கு வால்யூமை வைத்தேன். ஒவ்வொரு தடவையும் நாலைந்து நொடிதான், ஸ்பீக்கர் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) சூடாகும் என்பதால். பேட்டரி முனையிலேயே வைத்துப் பார்த்தால் 13.4 வோல்ட். ஆம்பின் பவர் முனையில் வைத்துப் பார்த்தால் 10.9. நடுவில் 2.5 வோல்ட் எங்கேயோ போய்விட்டது.

எங்கே போனது என்று பார்க்க வழி சுலபம். டிசி வோல்ட்டிலேயே வைத்து, மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஆம்பின் எர்த் முனையிலும் வைக்க வேண்டும். டோன் ஓடும்போது என் வண்டியில் 0.1 காட்டியது, எர்த் பக்கம் சுத்தம். அடுத்து பேட்டரி பாசிட்டிவிலும் ஆம்பின் பாசிட்டிவிலும் வைத்தேன். 2.4. அப்படியே ஒரு முள்ளை வயர் வழியாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டு வந்தால், ஃபியூஸ் ஹோல்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்த இடத்தில் மட்டும் 2.2 வோல்ட் நின்றது.

ஹோல்டரைத் திறந்தேன். ஃபியூஸ் பார்க்க நன்றாகவே இருந்தது, நடுவில் கம்பி அறுந்திருக்கவில்லை. ஆனால் அதன் ஒரு கால் மட்டும் பழுப்பாக நிறம் மாறி, அந்தக் கால் உட்காரும் கிளிப் விரிந்து போய், சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகி ஓரத்தில் ஒரு சொட்டு போல வழிந்து இறுகியிருந்தது. விரலால் தொட்டால் ஃபியூஸ் அந்தப் பக்கம் ஆடியது. 15 ஆம்பியர் ஓடும்போது 2.2 வோல்ட் அங்கே நின்றால் 33 வாட் அந்த ஒரு புள்ளியில் சூடாக மாறுகிறது. 25 வாட் சால்டரிங் அயர்னை ஹோல்டருக்குள் செருகி வைத்தது மாதிரி. தீப்பிடிக்காமல் விட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஹோல்டரை மாற்றினேன், இரண்டு ஆம்பும் நின்ற அந்தப் பாட்டு அன்று மாலை ரோட்டில் முழுசாகப் பாடியது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனையை ஓம் மோடில் வைத்துச் செய்யாதீர்கள். நானும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தேன். மீட்டர் முட்களை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். என் ஹோல்டரில் இருந்தது 0.15 ஓம் அளவுதான், அது அந்தக் குழப்பத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். கன்டினியூட்டி பீப் சத்தமும் அப்படித்தான். முப்பது இழைகள் உள்ள வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். லோடு ஓடும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் உண்மையைச் சொல்லும். எர்த் பக்கம் 0.1, 0.2க்குள் இருக்க வேண்டும். பாசிட்டிவ் பக்கம் ஃபியூஸையும் சேர்த்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி.

எர்த் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் பைக்கில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். காரில் பாடியில் எங்கே போல்ட் போட்டாலும் ஏறக்குறைய எர்த் கிடைத்துவிடும். பைக் ஃபிரேமுக்கு மேல் தடியான பெயின்ட் இருக்கும். முன்னால் ஃபேரிங் பக்கம், ஹாண்டில் பக்கம் போனால் ஸ்டியரிங் பேரிங்கைத் தாண்டித்தான் கரண்ட் திரும்பி வர வேண்டும், அந்த பேரிங் முழுக்க கிரீஸ். அதனால் ஆம்பின் எர்த் வயரை, பாசிட்டிவ் வயர் எவ்வளவு தடிமனோ அதே தடிமனில், நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டு போய்விடுங்கள். பேட்டரி முனை போல்ட்டையும் ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்க்கவும். பைக் பேட்டரியில் அந்த போல்ட் சின்னது, கூடவே ஹெட்லைட், ஹாரன், சார்ஜர் என்று நாலு லக் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அதிர்வில் தளர்ந்துவிடும்.

சரி, அடுத்து ஆம்ப் ஆன் ஆகவே இல்லை என்றால்? மூன்று வயர்தான் பார்க்க வேண்டும்: பாசிட்டிவ், எர்த், ரிமோட். ரிமோட் என்பது ஆம்பை எழுப்பி விடும் மெல்லிய வயர், சாவி ஆன் செய்ததும் அதில் 12 வோல்ட் வர வேண்டும். ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். பைக்கில் இந்த வயரை ஹெட்லைட் வயரிலிருந்தோ பார்க் லைட்டிலிருந்தோ ஒட்டி எடுத்திருப்பார்கள். புது வண்டிகளில் லைட்டுகளைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துவதால் சிலவற்றில் அங்கே 12 வோல்ட் தொடர்ச்சியாக இல்லாமல் துடித்துத் துடித்து வரும், ஆம்ப் குழம்பிவிடும். ரிமோட்டில் சந்தேகம் வந்தால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து சின்ன ஃபியூஸ் வைத்த ஒரு வயரை ரிமோட் முனையில் தொட்டுப் பாருங்கள். ஆம்ப் எழுந்துவிட்டால் கோளாறு அந்த வயரில்.

ஆன் ஆகிறது, ஆனால் சிவப்பு விளக்கு எரிகிறது, அதாவது புரொடெக்ட்டில் போகிறது என்றால் பயப்பட வேண்டாம். அது ஆம்ப் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்வது. சாவியை அணைத்துவிட்டு எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். சிவப்பு போய்விட்டதா? அப்படியானால் ஸ்பீக்கர் பக்கம் ஷார்ட். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வந்தால் எது என்று தெரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் சாவியை அணைத்துவிட்டு மாட்டவும். 4 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் பார்த்தால் 3 முதல் 3.8 ஓம் வரை காட்டுவது சகஜம். 1 ஓம் பக்கம் காட்டினால் காயில் கருகியிருக்கலாம், இல்லாவிட்டால் வயர் எங்கேயோ நசுங்கியிருக்கிறது. இதோடு நிறுத்தாமல், கழற்றிய ஸ்பீக்கர் வயர் ஒவ்வொன்றையும் வண்டி ஃபிரேமோடு சேர்த்தும் பாருங்கள், தொடர்பே இருக்கக் கூடாது. இன்றைய ஆம்புகளில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் மைனஸ் வயர்கூட எர்த் கிடையாது, அது ஃபிரேமில் பட்டாலே புரொடெக்ட்தான்.

இந்தக் கோளாறில் ஒரு வேடிக்கையான வகை உண்டு. ஹாண்டிலை இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் மட்டும் சத்தம் போகும், நேராக்கினால் வரும். ஒரு நண்பர் வண்டியில் பார்க்கிங் செய்யும்போது மட்டும் ஆம்ப் நிற்கும், அவர் புளூடூத் கோளாறு என்று நினைத்திருந்தார். ஸ்டியரிங் கழுத்தில் வயர் வளையும் இடத்தை விரலால் உருட்டிப் பார்த்தேன். வெளி உறை ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது, ஆனால் ஒரு இடத்தில் மட்டும் உள்ளே எலும்பு இல்லாத மாதிரி கொழகொழவென்று மடிந்தது. உறையைக் கீறிப் பார்த்தால் செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. ஹாண்டிலில் போகும் வயருக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயரைப் போட்டு, கொஞ்சம் தாராளமாக வளைவு விட்டுக் கட்டினால் இது வராது. இறுக்கி டேக் போட்டுக் கட்டுவதுதான் அறுப்பதற்கான வழி.

இதே காரணத்துக்காகத்தான் பைக்கில் சால்டர் வைத்து ஒட்டிய இணைப்புகளை நான் விரும்புவதில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒரு விரற்கடை தூரம் வயரைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வு முழுவதும் வந்து சேரும், அங்கேதான் ஒடியும். நல்ல லக், அதற்குரிய கிரிம்பிங் பிளையர், மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், இது போதும். கிரிம்ப் செய்ததும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

மழையில் ஓடும் வண்டி என்றால் செம்பில் ஏறும் பச்சைக் களிம்பையும் தேட வேண்டும். இணைப்பின் வாயில் பச்சையாகத் தெரிவது மேலோட்டம்தான். தண்ணீர் இழைகளுக்கு நடுவே திரி எண்ணெய் இழுப்பது போல உள்ளே ஏறிப் போயிருக்கும். உறையை இரண்டு அங்குலம் சீவினால்கூடச் சில வயர்களில் செம்பு கறுத்துத்தான் இருக்கும். பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டித் தள்ளிவிட்டுப் புது லக் போடுங்கள், தேய்த்துச் சுத்தம் செய்வது நிற்காது. இன்னொன்று, செம்பு என்று விற்கப்படும் வயர்களில் பல அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியவை. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதே தடிமன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் அது கரண்ட் கடத்தும், சுலபமாக ஒடியும், சீக்கிரம் அரிக்கும். பைக்குக்கு அது வேண்டவே வேண்டாம்.

இனி இரைச்சல். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க ஸ்பீக்கரில் "ஙீ" என்று ஒரு சத்தம் சுருதி ஏறிக்கொண்டே போனால், சார்ஜிங் பக்கத்து ஏசி பாட்டுக்குள் கலக்கிறது. முதலில் ஆம்பில் உள்ள ஆர்சிஏ வயர்களை (பாட்டுச் சிக்னலை ஆம்புக்குக் கொண்டு வருபவை) கழற்றிவிடுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் பவர் வயர் அல்லது ஆம்பின் எர்த். போய்விட்டால் ஸ்டீரியோ அல்லது புளூடூத் ரிசீவர் பக்கம். அடுத்து, சார்ஜில் போடாத போனை ஒரு வயர் வழியாக நேராக ஆம்பில் மாட்டிப் பாருங்கள். சுத்தமாகப் பாடினால் ரிசீவரும் ஆம்பும் வேறு வேறு இடத்தில் எர்த் எடுக்கின்றன என்று அர்த்தம். இரண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டு வாருங்கள். புளூடூத் ரிசீவருக்குப் பவர் கொடுக்கும் சின்ன கன்வெர்ட்டரும் இதைச் செய்யும், எர்த் பிரிந்த ஐசொலேட்டட் வகைக்கு மாறினால் பல நேரம் தீர்ந்துவிடும். ஹாண்டிலில் மாட்டியிருக்கும் யூஎஸ்பி சார்ஜரை ஒரு தடவை அவிழ்த்துவிட்டும் கேளுங்கள். அதனாலேயே இரைச்சல் வந்த வண்டி இரண்டு பார்த்துவிட்டேன்.

சுருதி ஏறும் சத்தமாக இல்லாமல் டக் டக் டக் என்று இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப வந்தால் அது ஸ்பார்க் பிளக். பிளக்கோ பிளக் கேப்போ ரெசிஸ்டர் வகையா என்று பாருங்கள், 5000 ஓம் அளவில் இருக்கும். பிளக் எண்ணில் ஆர் என்ற எழுத்து பெரும்பாலும் அதைத்தான் குறிக்கும். ஆர்சிஏ வயரை இக்னிஷன் காயிலுக்கும் பிளக் வயருக்கும் பக்கத்தில் கொண்டு போகாமல் வண்டியின் மறுபக்கமாக இழுத்தாலே பாதி குறையும்.

எந்த வயரும் லூஸ் இல்லை, ஆனாலும் சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது மட்டும் ஆம்ப் தடுமாறுகிறது என்றால், வண்டியின் சார்ஜிங் தாங்கவில்லை. சின்ன வண்டிகளின் ஸ்டேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் சுருள்) மொத்தமாகவே 100, 200 வாட் அளவில்தான் கொடுக்கும், அதுவும் நல்ல ஆர்பிஎம்மில். ஐடிலிங்கில் இன்னும் குறைவு. அதில் ஹெட்லைட்டும் இக்னிஷனும் தின்றது போக மிச்சம்தான் ஆம்புக்கு. ராத்திரி முழுக்க ஓய்வில் இருந்த பேட்டரி 12.6க்கு மேல் இருக்க வேண்டும், 12 என்றால் ஏறக்குறைய காலி. இன்ஜினை ரெய்ஸ் செய்யும்போது 13.5க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, முதலில் அதை மாற்றுங்கள், ஆம்ப் புரொடெக்ட்டில் போவது நல்லதுக்குத்தான். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி முனையில் மீட்டரை ஏசியில் வைத்தும் பார்க்கலாம், அரை வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரில் டையோடு சந்தேகம். மலிவு மீட்டர் சில ஏசியில் வைத்தால் டிசியையே இரண்டு மடங்காக்கி 28 என்று காட்டும், முட்களை மாற்றிப் பிடித்தால் பூஜ்யம் காட்டும். அந்த மாதிரி மீட்டரில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

அரை மணி நேரம் நன்றாகப் பாடிவிட்டு நின்று, பத்து நிமிடம் ஆறினால் திரும்ப வருவது சூடு. ஆம்பைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாவிட்டால் வேறு சந்தேகமே வேண்டாம். கிளாஸ் டி ஆம்ப் பழைய ஏபி வகையைவிட மிகக் குறைவாகத்தான் சூடாகும், ஆனாலும் சீட்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச் சுற்றிப் பொத்தி வைத்தால் அதுவும் தாங்காது. அடியில் ரப்பர் புஷ் வைத்து, சுற்றிலும் காற்று போக விரற்கடை இடம் விட்டு மாட்டவும்.

கெயின் திருகியைப் பற்றி ஒரு வார்த்தை. அது வால்யூம் இல்லை. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கு மட்டுமே அது. சத்தம் போதவில்லை என்று அதை முழுக்கத் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, ஆம்ப் கூடுதலாகச் சூடாகி, ட்வீட்டர் முதலில் போகும். வால்யூமை முக்கால் அளவில் வைத்து, சத்தம் கரகரக்கத் தொடங்கும் இடம் வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் பின்னால் வாருங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 25க்குப் பதில் 40 போட்டுவிடாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. பேட்டரியிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். ஏனென்றால் அதற்கு முன்னால் உள்ள வயர் எங்கேயாவது உரசி ஃபிரேமில் பட்டால் தடுக்க எதுவுமே இல்லை, டேங்க் வேறு பக்கத்திலேயே இருக்கிறது.

இத்தனையும் பார்த்துவிட்டுத்தான் ஆம்பைக் கழற்றி மேஜைக்குக் கொண்டு வர வேண்டும். பேட்டரி எதையும் மாட்டாமல் ஆம்பின் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் உள்ளே பவர் பக்கத்து மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) ஷார்ட், அது உண்மையிலேயே ரிப்பேர் கேஸ். இல்லாவிட்டால் முழு சார்ஜ் உள்ள ஒரு 12 வோல்ட் பேட்டரி, குட்டையான தடித்த வயர், ஃபியூஸ், நல்லது என்று தெரிந்த ஒரு ஸ்பீக்கர், போன், இவ்வளவையும் மாட்டி வண்டியில் வைக்கும் அதே வால்யூமில் பாட விடுங்கள். என் முதல் ஆம்பை அப்படித்தான் மேஜையில் வைத்து, அந்த டிரம் பாட்டைத் திரும்பத் திரும்ப ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அடுத்த நாள் அதையே வண்டியில் மாட்டிவிட்டேன்.